உப்புத் தண்ணீர் குடித்த கத்தி

மே 18, 2025

டேய் ஷஃபி,

நலம் விசாரித்து நேரத்தை வீணாக்கப் போவதில்லை. நான் நலமில்லை. நீ நலமாக இருந்தால் எனக்கு வயிறு எரியும், அதனால் சொல்லாதே.

நான் இருக்கும் இடத்தின் பெயரைக் கேட்டாயா? கூர்நோக்கு இல்லம். பதினெட்டு ஆகாத கேஸ்காரர்களைப் பூட்டி வைக்கும் இடம். நாம் ரெண்டு பேரும் உங்கள் அத்தா கடைக்குப் பின்னால் தண்டவாளத் துண்டில் கத்தி அடித்து அடித்து இரண்டு வருஷமாகக் கூர் பார்த்தது அரசாங்கத்தின் காதுக்கு எட்டியிருக்கிறது. திறமைக்கு மரியாதை. சோறு இலவசம். சாம்பாரில் மட்டும் உப்பு இல்லை. உப்பளம் சூழ்ந்த மரக்காணத்துக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

நீ அப்பவே சொன்னாய்: "டேய், ரெண்டடி நீளக் கத்திய செவுத்துல மாட்டி அழகு பாரு. தெருவுக்கு எடுத்துனு போவாத." நான் கேக்கல. கேக் வெட்டினேன். கேஸ் ஆயிட்டேன். நம்ம கார்த்திகேசன் பிறந்தநாளுக்கு நடுத்தெருவில் அந்த ரெண்டடியால் கேக் வெட்டிய ரீல்ஸை அவன் வீட்டு ஆட்களைவிட அதிகமாகப் பார்த்தது போலீஸ்தானாம். லைக் போட்டார்களா என்று தெரியவில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறது. அண்ணன் வரவில்லை. ஜாமீனுக்கு அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும். "கொஞ்ச நாளு உள்ள கெடக்கட்டும், புத்தி வரட்டும்" என்றானாம் கலையரசன் அவர்கள். வரட்டும், வரட்டும். புத்தி வந்தால் உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

இங்கே போன் கிடையாது. உன் போனும் அத்தா பீரோவில் என்று அம்மா சொன்னது. அதனால் கத்தி அடிக்கிறவர்களின் 'நெருப்புக்கோழி' வாட்ஸ்அப் குழுவில் யார் என்ன செய்தார்கள் என்பதே தெரியவில்லை. எனக்கு ஒரே ஒரு உதவி செய். கடைசியாக ஒரே லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி ரெட்டைக் குழந்தை மாதிரி ரெண்டு கத்தி செய்தோமே, ஒன்று உனக்கு, ஒன்று அண்ணனுக்கு. உன்னுடையதைப் பற்றி ஒரு விமர்சனம் எழுது. கூர் நிற்கிறதா? எலுமிச்சம் பழம் வெட்டினால் துரு ஏறுகிறதா? இடையஞ்சாவடிப் பட்டறை வைஜெயந்தி அக்கா குழுவில் கத்திக் கத்திச் சொன்னது, 'ஸ்பிரிங் பட்டையைப் பழுக்கக் காய்ச்சினா எண்ணெயிலதான் முக்கணும், தண்ணி ஆகாது' என்று. வீட்டுக்குப் பின்னால் உப்பளம் இருக்கும்போது எண்ணெய்க்கு எவன் அலைவான்? உப்புப் பாத்தித் தண்ணியில் முக்கினோம். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்ததே, "கத்தி கொட்டாவி விடுதுடா" என்றேனே, நீகூடச் சிரித்தாயே. அந்தக் கொட்டாவிக்காரன் எப்படி இருக்கிறான்?

எழுது. திட்டியாவது எழுது.

கேக்கால் கேஸானவன்,
கிருபா


மே 25, 2025

கிருபா,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஹசீனா அக்கா அத்தாவுக்குத் தெரியாமல் தபால் உறை வாங்கி வந்ததால் எழுதுகிறேன்.

நீ போன மறுநாள் போலீஸ் கடைக்குள் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். உலை ஊதிய ஹேர் டிரையரைக்கூட விடவில்லை. அத்தா முப்பது வருஷமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடை வாசலில் அவரை நிற்க வைத்து, பஜாரே பார்க்கக் கேள்வி கேட்டார்கள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தொழுகைக்குப் போகும்போது எனக்கு முன்னால் போகிறார், பின்னால் வருகிறார், பக்கத்தில் வருவதில்லை. உனக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கலாம்.

விமர்சனம் கேட்டாய். இந்தா.

என் கத்தியைப் போலீஸ் எடுக்கவில்லை. அக்கா மீன் வெட்ட அடுப்படியில் வைத்திருந்ததால் தப்பியது. நேற்று முன்தினம் அக்கா கையிலிருந்து நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. இடுப்பு உயரம்கூட இல்லை. ரெண்டாக உடைந்துவிட்டது. கண்ணாடி வளையல் மாதிரி.

உடைந்த இடத்தைப் பார்த்தேன். முதுகுப் பக்கம் பாதி கருப்பு, துருவேறியிருக்கிறது. மீதிப் பாதி வெள்ளையாக மின்னுகிறது. அந்த வெள்ளைதான் நேற்று முன்தினம் உடைந்தது. கருப்பு ரொம்ப நாளாகவே உடைந்து கிடந்திருக்கிறது. உள்ளே துரு ஏற நாள் ஆகியிருக்கிறது. நீ கொட்டாவி என்று சொன்ன அந்தச் சத்தம் விரிசல் விட்ட சத்தம். மேலே அழகாகத் தேய்த்து, பளபளப்பாக்கி, அதன் மேல் உன் பெயரின் முதல் எழுத்தையும் கீறிவிட்டாய்.

இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. உன் அண்ணனிடம் இருப்பதும் அதே பட்டை, அதே தண்ணீர். அதற்கும் அன்றைக்குச் சத்தம் வந்ததா? எனக்கு ஞாபகம் இல்லை. உனக்கு இருக்கிறதா?

ஷஃபி


ஜூன் 5, 2025

ஷஃபி,

நீ எழுதியது வந்த அன்றைக்கே பதில் எழுதினேன். போகவில்லை. முதல் கடிதத்தைப் படிக்காமல் விட்டுவிட்டார்களாம்; இதைச் சூப்பிரண்டு சார் கூப்பிட்டு மேசையில் வைத்துக் காட்டினார். வரிக்கு வரி அந்த வார்த்தைக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். "இன்னா கேஸ்ல வந்திருக்கன்னு தெரியுமில்ல? இதை நான் அனுப்பினா என் வேலை போயிடும். அந்த வார்த்தை இல்லாம எழுதிக் குடு, அனுப்பறேன்" என்றார். நல்ல மனுஷன். அவரும் இதைப் படிப்பார். சார், வணக்கம். இந்தக் கடிதத்தில் அதற்குப் பெயர் கரண்டி.

ஆமாம், சத்தம் வந்தது. ரெண்டு கரண்டிக்கும் வந்தது. முதல் கரண்டிக்குத்தான் கொட்டாவி என்றேன். ரெண்டாவதற்கு, "தம்பியும் எழுந்துட்டான்டா" என்றேன்.

அண்ணன் புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் விசைப்படகில் போகிறான் என்பது உனக்குத் தெரியும். அவன் என்ன வேலை செய்கிறான் என்பது தெரியாது. ஆழத்தில் போகும்போது ரோப்போ வலையோ படகுக்கு அடியில் எஞ்சின் சுழற்றும் காத்தாடியில் சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருத்தன் தண்ணிக்குள் இறங்கி அறுத்துவிட வேண்டும். அந்த ஒருத்தன் அண்ணன்தான். மேலே படகு அலையில் ஏறி ஏறி விழும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையில் இருப்பதை நம்பித்தான் வேலை. அவன் கையில் இருக்கப் போவது என் கரண்டி. பதினாலாம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. பதினைந்து விடிந்தால் படகு கிளம்பிவிடும்.

அம்மா வந்தபோது சொன்னேன். அம்மா போய் அண்ணனிடம் சொல்லியிருக்கிறது. அவன் சிரித்தானாம். "உள்ள போயும் கொழுப்பு அடங்கல பாரு அவனுக்கு" என்றானாம். போன வருஷம் இதே முதல் பயணத்தன்று, லைஃப் ஜாக்கெட்டை எலி கடித்துவிட்டது என்று நான் விளையாட்டுக்குச் சொல்லி, அவன் அதைத் தைக்க உட்கார்ந்து படகைக் கோட்டைவிட்டான். நான் கூரைமேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். இனிமேல் நான் கடல் உப்பு கரிக்கும் என்றால்கூட நக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவான்.

அதனால் சொல்லிப் பயனில்லை. நீ போய்க் காட்ட வேண்டும். வைஜெயந்தி அக்கா ஒருமுறை குழுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டது, நாம் அழகுக் குறிப்பு என்று கிண்டல் செய்தோமே, அதுதான். கரண்டியை டீசலில் கொஞ்ச நேரம் ஊற வை. எடுத்து நன்றாகத் துடை, துணியில் ஈரம் வராத அளவுக்குத் துடை. அப்புறம் முகத்துக்குப் போடும் பவுடரை மேலே பூசிவிட்டுக் காத்திரு. விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் கசிந்து வந்து பவுடரில் கோடு போடும். அண்ணன் கண் எதிரில் செய். அவன் கண்ணால் பார்க்க வேண்டும்.

அப்படியும் கொடுக்கவில்லை என்றால் இதையாவது சொல்: நெம்பாதே. திருகாதே. இழுத்து மட்டும் அறு. விரிசல் முதுகில் இருக்கிறது. நெம்பினால் வாய் பிளக்கும். நேராக இழுத்தால் கொஞ்சம் தாங்கும்.

உனக்கு என்மேல் கோபம் இருக்கட்டும். இதை முடித்துவிட்டுக் கோபப்படு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்டா.

கிருபா


ஜூன் 11, 2025

கிருபா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மறுநாள் பஸ் ஏறித் தேங்காய்த்திட்டு போனேன். அத்தாவிடம் திண்டிவனம் போவதாகப் பொய் சொன்னேன். நான் அவரிடம் சொன்ன முதல் பொய்.

அண்ணன் வலையை வெயிலில் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இன்னாடா, இங்க எங்க வந்த?"

"அண்ணே, கிருபா செஞ்ச கத்தியக் கொஞ்சம் குடுங்க. பாத்துட்டுத் தந்துடறேன்."

"எதுக்கு?"

"அதுல விரிசல் இருக்குதுண்ணே. என்னுது உடைஞ்சிடுச்சு."

"அவன் சொல்லி அனுப்பினானா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒருநாளைக்கு ஒன்றுக்கு மேல் எனக்கு வரவில்லை. ஆமாம் என்றேன்.

லுங்கி மடிப்பிலிருந்து எடுத்தார், கிருபா. எனக்குக் கொடுக்கவில்லை, எடுத்துக் காட்டினார். தேங்காய் எண்ணெய் தடவித் தடவி வைத்திருக்கிறார். "போலீஸ் ஊட்டுக்குள்ள வந்தப்ப இத இடுப்புல சொருகினு, அவங்களுக்குத் தண்ணி மொண்டு குடுத்தேன்டா. எல்லாத்தையும் வாரினு போயிட்டாங்க. அவன் செஞ்சதுல இது ஒன்னுதான் மிச்சம். இதையும் புடுங்க வந்தியா?"

"புடுங்க இல்லண்ணே, டீசல்ல..."

"போ அந்தாண்ட. உன்னாலயும் உன் பட்டறையாலயும்தான் அவன் அங்க கெடக்கறான்."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். வந்துவிட்டேன்.

என்னாலா, கிருபா? தெருவுக்கு எடுக்காதே என்று சொன்னவன் நான்தானே. எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்னொரு தடவை போக என்னால் முடியுமா என்று தெரியவில்லை. உன்மேல் கோபத்தால் சொல்லவில்லை. மறுபடியும் அத்தனை பேர் எதிரில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

நீ அவரை எவ்வளவு தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய் என்று மட்டும் தோன்றியது. அவர் உன்னைப் பார்க்க வராமல் இருப்பது கோபத்தால் இல்லை என்று நினைக்கிறேன்.

ஷஃபி


ஜூன் 14, 2025

ஷஃபி,

இது உன் கைக்கு வரும்போது படகு போயிருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

சூப்பிரண்டு சாரிடம் கெஞ்சினேன். அவர் போனிலிருந்தே அண்ணனுக்கு அடித்துக் கொடுத்தார். "அண்ணா, நான்தான்" என்றேன். அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம், ஐஸ் கொட்டுகிற சத்தம். "நல்லா சாப்புடறியா?" என்றான். "அண்ணா, அந்தக் கரண்டி..." என்று ஆரம்பித்தேன். வாய் பழகிவிட்டது. "கரண்டியா?" என்றான். "இல்ல, கத்தி, கத்தி, அது உடைஞ்சிடும்ணா, சத்தியமா" என்று கத்தினேன் (இதற்கு மட்டும் வட்டம் வேண்டாம், சார்). அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கரண்டியாம் கரண்டி. வந்து பேசறேன்டா" என்று வைத்துவிட்டான். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

என் வாயில் இருந்து எது வந்தாலும் ஜோக்காகிவிடுகிறது. அழுதால்கூட நடிக்கிறேன் என்பார்கள். இங்கே பக்கத்துப் படுக்கைக்காரன் அப்படித்தான் கேட்டான், "இன்னா சீன் போடற?" என்று.

நீ மறுபடி போனாயா? போயிருக்க மாட்டாய். போகாததற்கு உன்னைத் திட்ட எனக்கு உரிமை இல்லை. ஆனால் போயிருந்தால் நல்லா இருக்கும்டா. போயிருந்தால் நல்லா இருக்கும்.

கிருபா


ஜூன் 15, 2025

கிருபா,

போனேன்.

ஹசீனா அக்காவின் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு நேற்றுப் பகல் போனேன். கடையிலிருந்து எவர்சில்வர் கத்தி ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். அத்தா பார்த்துவிட்டார். "எங்க போற?" என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு அப்புறம் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "போயிட்டு வா. ஆனா அந்தப் பையன் இனிமே இந்தக் கடைப் படி ஏறக் கூடாது. நீயும் அவங்க வீட்டுப் பக்கம் போகக் கூடாது. அல்லா மேல ஆணையா" என்றார். சரி என்றுவிட்டேன். சரி என்றால்தான் போக முடியும்.

படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். நான் கேட்கவே இல்லை. நேராகப் போய், ஒரு பிளாஸ்டிக் மக்கில் டீசல் பிடித்து அவர் காலடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். "நீங்களே போடுங்கண்ணே. நான் தொட மாட்டேன்" என்றேன். அரசப்பன் என்று படகில் ஒருத்தர் இருக்கிறாரே, அவர்தான், "போட்டுத்தான் பாரேம்பா, இன்னா கொறஞ்சிடப் போவுது?" என்றார்.

போட்டார். துடைத்தார். பவுடரை நான் கையில் கொட்டினேன், அவர் பூசினார். எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒருத்தன், "கத்திக்குக் கல்யாணமா?" என்றான். சிரித்தார்கள்.

அப்புறம் கோடு வந்தது, கிருபா. முதுகிலிருந்து கீழே நோக்கி, முடி விழுந்த மாதிரி. உன் பெயர் எழுத்துக்குப் பக்கத்திலேயே. சிரித்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். அண்ணன் விரலால் அதைத் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது.

எவர்சில்வர் கத்தியை நீட்டினேன். வாங்கி இடுப்பில் சொருகினார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். உன் கத்தியையும் துடைத்து அதன் பக்கத்திலேயே சொருகிக்கொண்டார்.

"அண்ணே, அது வாணாம்ணே."

"கெடக்கட்டும்டா."

"அப்ப நெம்பாதீங்க. திருகாதீங்க. இழுத்து மட்டும் அறுங்க. கிருபா எழுதியிருக்கான்."

தலையாட்டினாரா, படகு ஆடியதா என்று தெரியவில்லை. விடிகாலையில் கிளம்பிவிட்டார்களாம்.

ஷஃபி


ஜூன் 22, 2025

ஷஃபி,

படகு வந்ததா?

அம்மா இந்த ஞாயிறு வரவில்லை. ஏன் வரவில்லை? யாரும் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். சூப்பிரண்டு சார் லீவு. எது தெரிந்தாலும் எழுது. கெட்டதாக இருந்தாலும் எழுது. கார்டில் ஒரு வரி போதும்.

கிருபா


ஜூன் 29, 2025
மரக்காணம்

ஷஃபி,

முத்திரையைப் பார்த்துக் குழம்பாதே. குப்பத்திலிருந்துதான் எழுதுகிறேன். உன் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். உன் அத்தா ஆணை போட்டிருக்கிறார், அதனால் தபால்.

அண்ணன் வெள்ளிக்கிழமை வந்தான். என்னைக் கூப்பிட்டபோது அம்மா என்று நினைத்துப் போனேன். வலது கை முழுக்கக் கட்டு. இடது கையால் ஜாமீன் கையெழுத்துப் போட்டான். ஒன்றாங்கிளாஸ் பையன் எழுதுகிற மாதிரி கோணல் மாணலாக வந்தது. எழுதி முடிக்கும் வரைக்கும் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். வேறு நாளாக இருந்தால் அதற்கு நான் என்னென்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

வெளியே ஒரு டீக்கடையில் துண்டில் சுற்றி எதையோ கொடுத்து வைத்திருந்தான். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். உப்பளம் தெரிய ஆரம்பித்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"மூணாம் நாளு ரோப்பு சுத்திக்கிச்சு. எறங்கினேன்."

"உம்."

"ஷஃபி குடுத்தத மொதல்ல எடுத்தேன். எண்ணெக் கை. வழுக்கினு போயிடுச்சு. சரி, மேல ஏறி வேற வாங்கினு வரலாம்னு பாத்தா, அலை தூக்கி அடிச்சதுல ரோப்பு கைய வளைச்சு இறுக்கிக்கிச்சு. காத்தாடியோட சேத்து."

வலது கை. இடது கையால் என் கத்தியை எடுத்திருக்கிறான்.

"நெம்பினியா?" என்று கேட்டேன்.

"நெம்பத்தான் கை வந்துச்சு. ஒரு நெம்பு நெம்புனா வுட்டுடும்னு தோணுச்சு. அந்தப் பவுடர் கோடு கண்ணு முன்னாடியே நிக்குது. நெம்பல. இழுத்தேன். மூச்சு போற வரிக்கும் இழுத்துனே இருந்தேன். கடைசி இழை அறுந்துச்சு, கத்தியும் டக்குனு போயிடுச்சு. முனை கடல்ல."

துண்டைப் பிரித்தான். கைப்பிடியோடு பாதி. அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நீ எழுதியபடியேதான். முதுகிலிருந்து கருப்பு. கீழே மட்டும் வெள்ளையாக மின்னியது.

"இன்னாடா பாக்கற?"

"இந்தக் கருப்பெல்லாம் நான் செஞ்ச அன்னிக்கே உடைஞ்சது. நீ அறுத்தப்ப இது மட்டும்தான் கத்தி" என்று வெள்ளையைக் காட்டினேன். ஓர் அரிசி அகலம்தான் இருக்கும்.

கட்டுக்கு வெளியே தெரிந்த சுண்டுவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தான். நகத்தில் பாதிகூட வரவில்லை.

"இவ்ளோதானா?" என்றான். அப்புறம் மரக்காணம் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டான்.

கையில் தையல் போட்டிருக்கிறார்கள். ரெண்டு விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. போகப் போகத்தான் தெரியுமாம். அம்மா அன்றைக்கு வராததற்கு அதுதான் காரணம். ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறது.

உன் அத்தாவிடம் சொல், அவர் கடைப் படி ஏற மாட்டேன். அவர் அன்றைக்கு 'போயிட்டு வா' என்று சொல்லாமல் இருந்திருந்தால் அண்ணனும் இருந்திருக்க மாட்டான், இந்தக் கடிதமும் இருந்திருக்காது. இதையும் சொல். நம்புவாரா தெரியவில்லை, என் வாயிலிருந்து வருகிறது. நீ சொன்னால் நம்புவார். வைஜெயந்தி அக்காவுக்கும் யார் போனிலிருந்தாவது ஒரு வரி போடு. என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கோடு வந்தது என்று மட்டும் எழுது.

அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் படுத்திருக்கிறான். அந்த உடைந்த துண்டு அவன் தலைமாட்டில் இருக்கிறது. எடுத்து எங்கேயாவது உப்பளத்தில் புதைத்துவிடலாம் என்று மெல்லக் கையை நீட்டினேன்.

கண்ணைத் திறக்கவில்லை. "வைடா" என்றான்.

வைத்துவிட்டேன்.

கிருபா